மாடுகளின் நிமோனியாவும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுக்கு மூச்சிரைத்தால் உடனே ஓர் ஊசி. மறுநாளும் தீனி எடுக்கவில்லை என்றால் வேறோர் ஊசி. அப்புறம் இரண்டையும் சேர்த்து ஒன்று. நிமோனியா வைத்தியம் பல தொழுவங்களில் இப்படித்தான் நடக்கிறது. சில மாடுகள் தேறிவிடுவதால் இதுவே சரியான முறை என்ற எண்ணமும் ஊறிவிட்டது. இதற்கிடையில் இந்த நோயின் கிருமிகளில் ஒரு பகுதி, ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு அடங்காதவையாக மாறிவிட்டது. மாடு வளர்ப்பவர்களும் கால்நடை மருத்துவம் படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்த மாட்டுக்கு எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதை மாட்டைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அது இங்கே இருக்காது.

மாடுகளுக்கு நிமோனியா வரவழைக்கும் பாக்டீரியாக்கள் எவை?

முக்கியமானவை நான்கு: மான்ஹைமியா ஹீமோலிட்டிகா, பாஸ்டுரெல்லா மல்டோசிடா, ஹிஸ்டோஃபிலஸ் சோம்னி, மைக்கோபிளாஸ்மா போவிஸ்.

திடீரென்று கடும் காய்ச்சலோடு வந்து ஓரிரு நாளில் மாட்டைச் சாய்ப்பது பெரும்பாலும் மான்ஹைமியா. பழைய பாடநூல்களில் இது பாஸ்டுரெல்லா ஹீமோலிட்டிகா என்ற பெயரில் இருக்கும்; 1999-ல்தான் பெயர் மாறியது. பாஸ்டுரெல்லா மல்டோசிடா இளங்கன்றுகளில் அதிகம். கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் கன்றின் வளர்ச்சியைக் கெடுத்துவிடும். ஹிஸ்டோஃபிலஸ் நுரையீரலோடு நிற்காது. ரத்தத்தில் கலந்து இதயத் தசை, மூட்டு, மூளை வரை போகும். மைக்கோபிளாஸ்மா போவிஸ் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும் ரகம்: இருமல், மூட்டு வீக்கம், கன்றுகளில் காதுக்குள் சீழ், கறவை மாட்டில் மடி நோய் என்று ஒரே பண்ணையில் பல முகம் காட்டும்.

நோய் நாள்பட்டு நுரையீரலில் சீழ்க்கட்டி உண்டான பிறகு பார்த்தால் ட்ரூபெரெல்லா பையோஜெனிஸ் என்ற கிருமியும் கிடைக்கும். அது நோயைத் தொடங்கி வைத்தது என்பதைவிட, ஏற்கெனவே பழுதான இடத்தில் பின்னால் வந்து குடியேறியது என்பதே பொருத்தம்.

இந்தக் கிருமிகள் எங்கிருந்து வருகின்றன? பக்கத்து மாட்டிடமிருந்து ஒட்டிக்கொண்டதா?

முதல் மூன்றும் ஆரோக்கியமான மாட்டின் மூக்குக்குள்ளும் தொண்டையிலும் சாதாரணமாகவே வாழ்கின்றன. நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும் மாட்டின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தாலும் கிடைக்கும். அதனால் ‘கிருமி எப்படி வந்தது’ என்பதைவிட ‘மூக்கில் இருந்தது நுரையீரலுக்கு எப்படி இறங்கியது’ என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து சளியையும் அதில் ஒட்டிய தூசியையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வைரஸ் தாக்கினால் இந்தப் படலம் உரிந்துபோகிறது. மாடுகளின் ஹெர்பீஸ் வைரஸ் வகை 1, சுவாச சின்சிஷியல் வைரஸ், பாராஇன்ஃப்ளுயன்சா 3, கொரோனா வைரஸ் ஆகியவை இந்த வேலையைச் செய்பவை; வைரஸ் வயிற்றுப்போக்கு நோய்க் கிருமி முக்கியமாக எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறது. அதோடு நீண்ட தூர லாரிப் பயணம், தாயிடமிருந்து பிரித்தல், பல இடத்து மாடுகளை ஒன்றாக அடைத்தல், தாகம், தூசி ஆகியவை சேர்ந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி சரிகிறது.

மான்ஹைமியாவில் இதை நன்றாகப் பார்க்கலாம். சாதாரண நாளில் மூக்கில் பெரும்பாலும் இருப்பது தொந்தரவு செய்யாத ஏ2 வகை. மாடு நெருக்கடிக்கு ஆளானதும் ஏ1 வகை சரசரவென்று பெருகி, மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்குகிறது. பயணம் முடிந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் மாடுகள் வரிசையாகப் படுப்பதன் காரணம் இதுதான்.

மைக்கோபிளாஸ்மா மட்டும் கொஞ்சம் வேறு. அது பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கி வந்த மாட்டோடு பண்ணைக்குள் நுழைகிறது. நோய் தெரியாமல் சுமந்து திரியும் மாடுகள் உண்டு. மடி நோய் வந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் கன்றுக்கு ஊற்றுவது இன்னொரு வழி. நியூசிலாந்தில் 2017-ல் இது முதன்முதலாகத் தென்பட்டபோது, நாட்டை விட்டே ஒழிப்பதென்று 2018-ல் முடிவெடுத்து மந்தை மந்தையாக மாடுகளை அப்புறப்படுத்தினார்கள். உள்ளே வந்துவிட்டால் மருந்தால் துடைத்தெடுக்க முடியாத கிருமி என்பதால்தான் அவ்வளவு தூரம் போனார்கள்.

மான்ஹைமியா ஏன் இவ்வளவு வேகமாகக் கொல்கிறது?

அது சுரக்கும் லுக்கோடாக்சின் என்ற நஞ்சுதான் காரணம். மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் வெள்ளணுக்களைக் குறிவைத்துத் தாக்கும் நஞ்சு அது. கிருமியை விழுங்க ஓடிவரும் வெள்ளணுக்கள் அங்கேயே வெடித்துச் சாகின்றன. அவற்றுக்குள் இருந்த நொதிகள் கொட்டி நுரையீரலையே அரிக்கின்றன. அதைச் சரிசெய்ய இன்னும் வெள்ளணுக்கள் வருகின்றன, அவையும் சாகின்றன. காயத்தில் பெரும்பங்கு மாட்டின் சொந்தப் படையாலேயே நேர்கிறது.

இறந்த மாட்டை அறுத்துப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். நுரையீரலின் முன்பகுதியும் கீழ்ப்பகுதியும் கருஞ்சிவப்பாக, ஈரலைத் தொட்டதுபோல் கெட்டியாக இருக்கும். அந்தத் துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். மேலே மஞ்சள் நிறத்தில் ஃபைப்ரின் என்ற ரத்த உறைவுப் புரதத்தின் படலம் ஒட்டியிருக்கும். பின்பகுதி மட்டும் இளஞ்சிவப்பாகப் பஞ்சுபோல் மிச்சமிருக்கும். மைக்கோபிளாஸ்மா என்றால் காட்சி வேறு: வெட்டிய இடத்தில் தயிர்க்கட்டி மாதிரி வெண்மையான முடிச்சுகள் சிதறிக் கிடக்கும்.

காற்றே போகாத அந்தக் கெட்டிப் பகுதி மருந்தால் ஒரே நாளில் திறந்துகொள்ளாது. இந்த நோயில் முதல் 24 மணி நேரம் இவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

தொண்டை அடைப்பானும் இதுவும் ஒன்றா?

இல்லை. கிருமியின் பெயர் ஒன்று, வகை வேறு. தொண்டை அடைப்பானை உண்டாக்குவது பாஸ்டுரெல்லா மல்டோசிடாவின் பி, இ வகைகள்: ஆசியாவில் பி, ஆப்பிரிக்காவில் பியும் இயும். அது ரத்தம் முழுக்கப் பரவும் நோய். தொண்டையும் தாடைக்குக் கீழும் வீங்கி, மாடும் எருமையும் ஒரு நாளுக்குள்கூடச் செத்துவிடும். நிமோனியாவில் கிடைப்பது பெரும்பாலும் ஏ வகை. தொண்டை அடைப்பானுக்கான தடுப்பூசி பி வகையைக் குறிவைத்துச் செய்தது. அதைப் போட்டிருப்பதால் மாட்டுக்கு நிமோனியா வராது என்று இருந்துவிடக் கூடாது. அதற்காக அந்தத் தடுப்பூசியை விட்டுவிடவும் கூடாது. இரண்டும் தனித்தனி விஷயம்.

ஆரம்பத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

இருமலுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் மாறுவது மாட்டின் நடத்தைதான். காலையில் தீவனம் போடும்போது எல்லாம் எழுந்து ஓடிவர, ஒன்று மட்டும் கடைசியாக எழும். எழுந்தாலும் முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்காது. தலையைத் தொங்கப்போட்டு ஓரமாக நிற்கும். காது ஒன்று தாழ்ந்திருக்கும். அசைபோடுவது குறையும். பால் குடிக்கும் கன்று என்றால் வழக்கத்தைவிட மெதுவாகக் குடிக்கும், கொஞ்சம் மிச்சம் வைக்கும். இந்த நிலையில் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். மாட்டின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39.3 டிகிரி செல்சியஸ். 40 டிகிரியை, அதாவது 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம். வெயில் நேரத்திலும், ஓட்டிப் பிடித்த உடனேயும் அளந்தால் ஏமாந்துவிடுவோம். காலையில், மாடு அமைதியாக இருக்கும்போது அளப்பது நல்லது.

மூக்கில் கெட்டிச் சளி, வாயைத் திறந்து மூச்சு விடுதல், கழுத்தை நீட்டி முழங்கையை விரித்து நிற்றல் எல்லாம் வந்த பிறகு நோய் நுரையீரலில் வெகுதூரம் போய்விட்டது என்று பொருள்.

கண்ணால் பார்ப்பதில் எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு ஒரு சான்று: 1996-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 469 காளைகளைப் பிறந்ததிலிருந்து அறுப்புக்கூடம் வரை பின்தொடர்ந்தார்கள். வாழ்நாளில் மூச்சு நோய்க்குச் சிகிச்சை பெற்றவை 35 சதவீதம். அறுத்தபோது நுரையீரலில் தழும்பு இருந்தவை 72 சதவீதம். சிகிச்சையே தேவைப்படாதவை என்று கருதிய மாடுகளிலும் மூன்றில் இரண்டுக்கு மேல் நோய் வந்து போயிருந்தது.

இருமினாலே நிமோனியாதானா?

இல்லை. ஆன்டிபயாட்டிக் வீணாகப் போகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மேய்ச்சல் மாடுகளில் பல ஒன்றாக இருமும், காய்ச்சல் இருக்காது, தீனி ஓரளவு எடுக்கும் என்றால் நுரையீரல் புழுவாக இருக்கலாம். அதற்குக் குடற்புழு மருந்து வகையே வேண்டும். வைரஸ் மட்டும் தாக்கி மூக்கில் தண்ணீராக ஒழுகும் கட்டத்தில் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை இல்லை. மாதக்கணக்கில் இருமி மெலிந்துகொண்டே போகும் மாட்டில் காசநோயை நினைக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும், அந்த மாட்டைச் சோதிக்காமல் ஊசி மேல் ஊசி போட்டு வைத்திருப்பது ஆபத்து. காசநோய்க் கிருமி மைக்கோபாக்டீரியம் போவிஸ், நாம் பேசுவது மைக்கோபிளாஸ்மா போவிஸ். அறிக்கையில் படிக்கும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று மனிதக் கையால் வருவது. மாட்டின் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, தலையை அண்ணாந்து தூக்கி, எண்ணெயோ மருந்தோ மடமடவென்று புகட்டினால் புரையேறி நேராக நுரையீரலுக்குப் போகும். வயிற்று உப்புசத்துக்கு மருந்து கொடுத்த மாடு இரண்டாம் நாள் நிமோனியாவில் படுப்பது இப்படித்தான். நாக்கை விட்டுவிடுங்கள், தலை கிடைமட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் போதும், இருமினால் உடனே நிறுத்தித் தலையை இறக்குங்கள்.

எந்த ஆன்டிபயாட்டிக்குகள் பயன்படுகின்றன? எல்லாம் எல்லாக் கிருமிக்கும் கேட்குமா?

ஆக்ஸிடெட்ராசைக்ளின், பெனிசிலின் குடும்பம், சல்ஃபா–டிரைமெத்தோப்ரிம் ஆகியவை பழைய மருந்துகள். மேக்ரோலைடு குடும்பத்தில் டில்மைகோசின், டுலாத்ரோமைசின், காமித்ரோமைசின், டில்டிபிரோசின். தனியாக ஃப்ளோர்ஃபெனிகால். ஃப்ளூரோகுவினலோன் குடும்பத்தில் என்ரோஃப்ளாக்சசின், டேனோஃப்ளாக்சசின். மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினில் செஃப்டியோஃபர்.

இதில் ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். பெனிசிலினும் செஃப்டியோஃபரும் கிருமியின் செல்சுவரை உடைத்துக் கொல்பவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. எவ்வளவு விலையுயர்ந்த செஃபலோஸ்போரின் போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சல்ஃபா மருந்துகளும் அதன்மேல் வேலை செய்யாது. பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பு அது. காதில் சீழ், மூட்டு வீக்கம், நாள்பட்ட இருமல் மூன்றும் ஒரே கூட்டத்தில் தெரியும்போது செஃப்டியோஃபரை ஐந்து நாள் போட்டுப் பார்ப்பது வெறும் நாள் கடத்தல்.

மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி உருவாகிறது?

இரண்டு வழி உண்டு. முதலாவது, கிருமி பெருகும்போது அதன் மரபணுவில் தற்செயலாக ஏற்படும் மாற்றம். மருந்து போய் ஒட்ட வேண்டிய இடம் உருமாறிவிடுகிறது. மைக்கோபிளாஸ்மா மேக்ரோலைடுக்கும் ஃப்ளூரோகுவினலோனுக்கும் அடங்காமல் போவது பெரும்பாலும் இந்த வழியில். மாற்றம் வந்த கிருமியின் வாரிசுகளுக்கு மட்டும் அது போய்ச் சேரும்.

இரண்டாவது வழிதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. எதிர்ப்பு மரபணுக்கள் ஒரு கொத்தாகச் சேர்ந்து, ஒரு கிருமியிலிருந்து பக்கத்துக் கிருமிக்கு அப்படியே தாவுகின்றன. இணைந்து இடம்பெயரும் மரபணுத் துண்டு என்று சொல்லலாம். ஆய்வாளர்கள் சுருக்கமாக ஐசிஇ என்பார்கள். 2005-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், இறைச்சிக்காக மாடுகளைக் கூட்டமாகக் கொழுக்க வைக்கும் ஒரு தீவனக் கொட்டிலில் நிமோனியா வந்த மாட்டிலிருந்து பாஸ்டுரெல்லா மல்டோசிடாவின் ஒரு ரகத்தைப் பிரித்தெடுத்தார்கள். 2012-ல் அதன் மரபணுவை முழுதும் படித்தபோது ஐசிஇபிஎம்யு1 என்று பெயரிட்ட ஒரு துண்டு கிடைத்தது. அந்த ஒரே துண்டில் 12 எதிர்ப்பு மரபணுக்கள். டெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், சல்ஃபா, ஃப்ளோர்ஃபெனிகால், டில்மைகோசின், டுலாத்ரோமைசின் என்று நிமோனியாவுக்கு எடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை அது ஒரே மூச்சில் முடக்கியது. ஆய்வுக்கூடத்தில் அந்தத் துண்டு மான்ஹைமியாவுக்கும் தாவியது. குடலில் வாழும் ஈ. கோலைக்கும் தாவியது. தனித்தனி இனக் கிருமிகள் ஒரே மாட்டின் மூக்குக்குள் பக்கத்தில் பக்கத்தில் குடியிருப்பவை என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இதன் விளைவு என்னவென்றால், ‘பழைய டெட்ராசைக்ளின்தானே, புதிய மருந்தைப் பத்திரமாக வைத்திருக்கிறோமே’ என்ற கணக்கு பொய்த்துப்போகிறது. டெட்ராசைக்ளினைத் தேவையில்லாமல் கொடுக்கும்போது அதற்கு அடங்கும் கிருமிகள் சாகின்றன. அடங்காதது மிஞ்சிப் பெருகுகிறது. அந்த அடங்காத கிருமி டுலாத்ரோமைசினுக்கான எதிர்ப்பையும் அதே கொத்தில் சுமந்துகொண்டிருந்தால், அந்தப் பண்ணையில் ஒருமுறைகூடப் போடாத மருந்தும் முதல் ஊசியிலேயே தோற்கும். ‘இந்த மருந்தை நாங்கள் பயன்படுத்தியதே இல்லை, எப்படிக் கேட்காமல் போகும்’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மருந்துகளை மாற்றி மாற்றிப் போட்டால் எதிர்ப்பு வராது என்ற பழைய நம்பிக்கையும் இங்கே உடைகிறது. மொத்த ஊசி எண்ணிக்கை குறைந்தால்தான் பலன்.

இது உண்மையிலேயே அதிகரித்து வருகிறதா, இல்லை பயமுறுத்தலா?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு வந்த நோயுற்ற மாடுகளின் மான்ஹைமியாவை எடுத்துப் பார்த்தார்கள். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அடங்காதவை 2009-ல் 5 சதவீதம்; 2011-ல் 35 சதவீதம். இரண்டே ஆண்டில் இந்த ஏற்றம். ஆய்வுக்கூடத்துக்கு வருபவை பெரும்பாலும் ஏற்கெனவே சிகிச்சை தோற்ற மாடுகள் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா மாட்டின் மூக்கிலும் இதே நிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாட்டுக்கு நாடும் நிலைமை மாறும். ஆனால் போகும் திசையில் சந்தேகம் இல்லை.

ஊசி கேட்கவில்லை என்றால் மருந்து எதிர்ப்பு என்றே முடிவு செய்யலாமா?

அவசரப்பட வேண்டாம். தாமதமாகத் தொடங்கியதுதான் முதல் காரணமாக இருக்கும். கெட்டிப்பட்ட நுரையீரலுக்குள்ளும் சீழ்க்கட்டிக்குள்ளும் மருந்து சரியாகப் போய்ச் சேராது. எடையைக் குத்துமதிப்பாகக் கணித்து அளவு குறைந்திருக்கலாம். வெயிலில் கிடந்த, காலாவதியான மருந்தாக இருக்கலாம். நோயே வேறாக இருக்கலாம். நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தைப் போட்டுவிட்டு மறுநாளே ‘கேட்கவில்லை’ என்று அடுத்ததைப் போடுவதும் நடக்கிறது. டுலாத்ரோமைசின் நுரையீரலில் பாதியாகக் குறையவே 8 நாள் அளவுக்கு ஆகும். பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்குகிறதா, தீனி எடுக்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பது வழக்கம். சில நீண்டகால மருந்துகளுக்கு இன்னும் கூடக் காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருக்கும்போது மாடு மோசமாகிக்கொண்டே போனால் அது வேறு. உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கிருமிச் சோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்புவதால் பயன் உண்டா? முடிவு வருவதற்குள் மாடு போய்விடாதா?

அந்த ஒரு மாட்டைக் காப்பாற்ற அறிக்கைக்காகக் காத்திருக்கவே கூடாது. மாதிரியை எடுத்துவிட்டு உடனே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். அறிக்கை உதவப்போவது அடுத்து படுக்கப்போகும் மாடுகளுக்கும், அடுத்த ஆண்டுக்கும்.

எடுக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. இன்னும் ஊசி போடாத, நோய் தொடங்கிய நிலையில் உள்ள நாலைந்து மாடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே மாட்டை, அதுவும் பத்து நாள் சிகிச்சைக்குப் பின் சாகப்போகும் மாட்டைச் சோதித்தால் மிஞ்சிப்போன கிருமிதான் கிடைக்கும். மருத்துவர் மூக்குத் துவாரத்தைத் துடைத்துவிட்டு, உறையிட்ட நீண்ட பஞ்சுக்குச்சியை மூக்குத் துவாரத்திலிருந்து கண்ணின் உள்மூலை வரை வெளியே வைத்து அளந்துகொள்வார். அந்த அளவு உள்ளே போன பிறகே உறையிலிருந்து பஞ்சைத் தள்ளி, சுழற்றி, மறுபடி உறைக்குள் இழுத்து வெளியே எடுப்பார். மூக்கின் வாயிலில் தடவி எடுத்த பஞ்சில் தூசிக் கிருமிதான் வளரும். நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீர் இன்னும் நம்பகமானது. இறந்த மாடு என்றால், கெட்டிப்பட்ட பகுதியும் நல்ல பகுதியும் சேரும் எல்லையிலிருந்து துண்டு எடுக்க வேண்டும். குளிர்ச்சியாக அனுப்ப வேண்டும்.

மான்ஹைமியாவும் பாஸ்டுரெல்லாவும் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். மைக்கோபிளாஸ்மாவுக்குத் தனி வளர்ப்பு ஊடகமும் பல நாளும் வேண்டும் என்பதால், கிருமியின் மரபணுவை நேராகத் தேடும் பிசிஆர் சோதனையைக் கேட்பது நல்லது.

அறிக்கையில் கேட்கும், இடைநிலை, கேட்காது என்று மூன்று பிரிவு இருக்கும். அவை மாட்டின் மூச்சு நோய்க்கென்று வகுத்த அளவுகோலால் பிரித்தவையா என்று மருத்துவர் பார்ப்பார். மான்ஹைமியாவின் வளர்ச்சியை நிறுத்த டுலாத்ரோமைசின் ஒரு மில்லிலிட்டருக்கு 16 மைக்ரோகிராம் வரை தேவைப்பட்டாலும் ‘கேட்கும்’ என்றே வகுத்திருக்கிறார்கள். ரத்தத்தில் அவ்வளவு இருக்காது. நுரையீரலில் அந்த மருந்து குவிகிறது. மனித நோய்க்கான அளவுகோலை எடுத்து மாட்டுக்குப் பொருத்தினால் அறிக்கையே தப்பாகும்.

காய்ச்சல் இறங்கியதும் மருந்தை நிறுத்திவிடலாமா?

மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுங்கள். அதே நேரம் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சொன்ன நாளைத் தாண்டி நீட்டவும் வேண்டாம். நீட்டுவது மாட்டின் மூக்கிலும் குடலிலும் உள்ள மற்ற கிருமிகளுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும் வேலையைத்தான் செய்யும்.

ஒரு மாடு படுத்ததும் கூட்டம் முழுதுக்கும் ஊசி போடலாமா?

பெரிய தீவனக் கொட்டில்களில் இது வழக்கம். நோய் வெடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்த கூட்டத்தில் சாவைக் குறைக்கும் என்பதும் உண்மை. ஆனால் எதிர்ப்புக் கிருமியை வளர்க்க இதைவிட வேகமான வழியும் இல்லை. கூட்டத்தின் அத்தனை மூக்கிலும் ஒரே நாளில் ஒரே மருந்து இறங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006 ஜனவரி முதல் தடை செய்தது. 2022 ஜனவரி 28 முதல், நோய் இல்லாத மாடுகளுக்கு முன்கூட்டிக் கொடுப்பதற்கும் கூட்டமாகக் கொடுப்பதற்கும் கடும் வரம்பு வைத்தது. என் கருத்து இதுதான்: மாடுகள் சில என்றால், தினம் இருவேளை வெப்பம் பார்த்து, 40 டிகிரி தாண்டியவற்றுக்கு மட்டும் சிகிச்சை கொடுப்பது முடியக்கூடிய காரியம். அதைச் செய்ய ஆள் இல்லை என்பது ஊசிக்கு நியாயம் ஆகாது.

மாட்டின் மருந்து எதிர்ப்பு மனிதரை என்ன செய்யும்?

மான்ஹைமியா மனிதரைப் பொதுவாகத் தாக்குவதில்லை. கவலை மருந்தைப் பற்றியது. ஃப்ளூரோகுவினலோனும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினும் மனித உயிர் காக்கும் மருந்துகளில் மிக உயர்ந்த முன்னுரிமை உடையவை என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டிருக்கிறது. மாட்டுக்கு ஊசி போடும்போது அதன் குடலில் உள்ள ஈ. கோலை, சால்மோனெல்லா ஆகியவையும் அந்த மருந்தைச் சந்திக்கின்றன. அவை சாணம், தண்ணீர், இறைச்சி, காய்ச்சாத பால் வழியாக மனிதரிடம் வரக்கூடியவை. அதனால் இந்த இரண்டு குடும்பங்களும் சோதனை சொன்னால் மட்டும், வேறு வழி இல்லாதபோது மட்டும்.

பாலிலும் இறைச்சியிலும் மிஞ்சும் மருந்து எச்சம் இன்னொரு விஷயம். ஒவ்வொரு மருந்துக்கும் இத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது, இத்தனை நாள் அறுக்கக் கூடாது என்று மேலுறையில் இருக்கும். டுலாத்ரோமைசின் போன்ற சிலவற்றைக் கறவை மாட்டுக்குப் போடவே அனுமதி இல்லை. ஊசி போட்ட தேதியையும் மருந்தின் பெயரையும் எழுதி வைக்காத பண்ணையில் இதைக் கடைப்பிடிக்க வழியே இல்லை.

ஆன்டிபயாட்டிக்கோடு வேறென்ன கொடுப்பார்கள்?

வலியையும் காய்ச்சலையும் தணிக்க மெலாக்சிகாம், ஃப்ளூனிக்சின் போன்றவை. மாடு சீக்கிரம் தீனி எடுக்கத் தொடங்கும். காய்ச்சல் இறங்கியது இந்த வலி மருந்தாலா, கிருமி அடங்கியதாலா என்று குழம்ப வேண்டியிருக்கும், அதைக் கவனத்தில் வைக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் வேண்டாம், அது போட்டபின் செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் தெற்காசியாவில் கூட்டம் கூட்டமாக அழிந்தன. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்டால் மாடு மறுநாள் தெளிவாக நிற்கும், அதோடு எதிர்ப்புச் சக்தியும் அடங்கிப்போகும். சினை மாட்டில் கருவும் கலையக்கூடும்.

மருந்தே தேவைப்படாமல் செய்ய முடியுமா?

முழுக்க முடியாது, வெகுவாகக் குறைக்கலாம். கன்று பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். 40 கிலோ கன்றுக்கு 4 லிட்டர். 24 மணி நேரத்தில் குடல் சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் புரதங்களை உறிஞ்சுவதை நிறுத்திவிடும். அதற்குப் பின் எவ்வளவு ஊற்றினாலும் அது பால் மட்டும்தான்.

தொழுவத்தில் கன்று படுக்கும் உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். மூத்திர நெடி கண்ணில் எரிந்தால், கன்று நாள் முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறது. ஈரப் படுக்கையை மாற்றி, மேலே காற்று வெளியேற வழி விட்டால் போதும். கன்றின் மேல் நேராகக் காற்று அடிக்க வேண்டியதில்லை.

வாங்கி வந்த மாட்டை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டுங்கள். பால் மறக்கடிப்பது, கொம்பு சுடுவது, இடம் மாற்றுவது மூன்றையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். வைரஸ்களுக்கும் மான்ஹைமியாவின் நஞ்சுக்கும் தடுப்பூசிகள் உள்ளன. பயணத்துக்குச் சில வாரம் முன்பே போட்டால்தான் பயன். லாரியில் ஏற்றும் அன்று போடுவது தாமதம்.

இந்த ஊசிகளில் போடுபவருக்கு ஆபத்தானது உண்டா?

உண்டு: டில்மைகோசின். அது மனித இதயத்தைத் தாக்கும். தவறிக் கையில் குத்திக்கொண்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். முறிவு மருந்து கிடையாது. மாட்டுக்கும் தோலுக்கடியில் மட்டும்தான் போட வேண்டும், ரத்தக் குழாயில் போனால் மாடு செத்துவிடும். வெள்ளாட்டுக்கும் குதிரைக்கும் பன்றிக்கும் இந்த ஊசி ஆகாது. மாட்டை நன்றாகக் கட்டாமல், தனி ஆளாக இதைப் போட முயல வேண்டாம். மூடியில்லாத ஊசியைப் பையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டாம். குத்திவிட்டால், சிறு கீறலாகத் தெரிந்தாலும், அந்த இடத்தில் குளிர் ஒத்தடம் வைத்தபடி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மருந்துக் குப்பியையும் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.